வேகாத கறியும் வரப்போகும் சம்பந்தியும்

பிளானோ, டெக்சாஸ்
மார்ச் 18

அன்புள்ள மச்சான் கிட்டுசாமிக்கு, கோபாலசாமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. அங்கே தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்து முடித்திருப்பாய். இங்கே ஒரு துண்டு கறி வேகவில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் குடும்ப குரூப் முழுக்கச் சிரிக்கும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உன் மருமகன் அகிலன் கட்டிக்கப்போகிற கெய்ட்லினின் அப்பா டென்னிசும் அம்மா நோராவும் நேற்று முதல்முறையாக வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவர்கள் பூர்வீகம் அயர்லாந்து. நேற்று அவர்களுக்குப் பண்டிகை, அன்றைக்கு உப்பில் ஊறிய மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் வேகவைத்துச் சாப்பிடுவது வழக்கமாம். "நானே செஞ்சு போடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான் இந்தப் பிள்ளை. வெந்நீர் வைக்கவே யூடியூப் பார்க்கிறவன்! உன் அக்கா நாகரத்தினம், "ஏனுங்க, அந்தக் கறி மட்டும் என்ற சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டாள். மாட்டுப்பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் பூசி வளர்ந்தவளிடம் என்ன பேசுவது? கடைசியில் கராஜில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுச் சமையல் நடந்தது.

ஸ்லோ குக்கர் என்று ஒன்று வாங்கி வந்தான் மச்சான். ஃப்ரீவேயில் எவனும் மெதுவாகப் போகாத ஊரில், கறிக்கு மட்டும் ஏன் அவசரமில்லை? காலையில் வைத்தால் சாயங்காலம்தான் வேகுமாம். விசிலும் கிடையாது. விசில் அடிக்காத குக்கரை நம்பி எப்படிப்பா சம்பந்தம் பேசறது? "அப்பா, நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், மூடிய மட்டும் ஓப்பன் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனான். சத்தியமாகச் சொல்கிறேன், மூடிமேல் என் விரல்கூடப் படவில்லை. போய் எட்டிப் பார்த்ததோடு சரி. பட்டப்பகலில் கராஜ் சுவிட்சையெல்லாம் போட்டுவிட்டுப் போயிருந்தான், கரண்டின் அருமை தெரியாத பிள்ளை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வந்தான், சுவிட்சைப் போட்டான், மூடியைத் திறந்தான். கடையில் வாங்கின நிறம் மாறாமல் கறி அப்படியே கிடக்கிறது. "அப்பா, இட்ஸ் ஸ்டோன் கோல்ட்! சூடே ஏறல!" என்று அழாத குறை. நாள் முழுக்க வெளியே கிடந்த கறியை விருந்தாளிக்குப் போட முடியுமா? குப்பைக்குப் போயிற்று. கடைசியில் சேர்க்க வேண்டிய முட்டைக்கோஸ் மட்டும் ஃப்ரிட்ஜில் முழுசாக இருந்தது. உன் அக்காதான் அதைப் பொரியல் பண்ணி, ரசம் வைத்து, மானத்தை அரைகுறையாகக் காப்பாற்றினாள்.

டென்னிஸ் பொரியலைக் கிளறிக் கிளறிப் பார்த்தார், அடியில் கறி இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ! அதோடு விட்டாரா? பாத்ரூமுக்குப் போய்விட்டு வருகிற வழியில் லைட்டையெல்லாம் அணைத்துக்கொண்டே வந்தார். நம்ம வீட்டு லைட்டை அணைக்க அவர் யாருங்கறேன்? போதும், கிளம்புகிறோம் என்பதைத்தான் அப்படிச் சொல்லாமல் சொல்கிறார்.

கெய்ட்லின் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்ற பையன் காலையிலிருந்து ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அங்கிருந்த பெண்ணிடம் நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். கோபியில் கல்யாண மண்டபம் பார்க்கச் சொல்லியிருந்தேனே, இப்போதைக்கு நிறுத்தி வை. குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் வீட்டுக்காரி ஹம்சாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்.

இப்படிக்கு,
நொந்துபோன கோபாலசாமி

பி.கு.: கடிதத்தை மடித்த பிறகு அகிலன் புது குக்கரோடு வந்தான். சோதித்துப் பார்க்க, கராஜில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். நான் வழக்கம்போலப் பின்னாலேயே போய் சுவிட்சுகளை அணைத்தேன். அதுவும் சூடாகவில்லை. அந்த பிளக்குக்குச் சுவரில் இருக்கிற சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட் போகிறதாம்! எந்த ஊர் நியாயம் இது? வெட்கத்தை விட்டு டென்னிசுக்கு போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் அப்படியொரு சிரிப்பு. பிறகு நோரா போனைப் பிடுங்கிக்கொண்டாள். போன கோடையில் டென்னிசும் இதேபோலச் சுவிட்சை அணைத்து, அவள் ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் உருகிப்போயிற்றாம். ஞாயிற்றுக்கிழமை கறியை அவர்களே சமைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பொரியல் இன்னும் கொஞ்சம் வேண்டுமாம். நீ உடனே மண்டபம் பார். சுவிட்ச் எல்லாம் சம்பந்திகள் இரண்டு பேருக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிற மண்டபமாகப் பார்.