நன்றி சொன்னால் இறங்கிவிடுவார்

அந்தச் சனிக்கிழமை காலை கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குக் கிளம்பிய எங்கள் வண்டியில் இருந்தவர்கள்: டிரைவர் வேலு அண்ணன், கண்டக்டர் நான், கருவாட்டுக் கூடையோடு அஞ்சலை அக்கா, அருவி பார்க்கப் புறப்பட்ட கல்லூரிப் பையன்கள் இருபத்தொரு பேர், சந்தைக்கு வந்துவிட்டு மலைக்குத் திரும்புகிறவர்கள் ஆறு பேர், கடைசி சீட்டில் நாங்கள் பால்கவர் என்று கூப்பிடுகிற மனிதர். ஆக முப்பத்தொன்று. வளைவுக்கு வளைவு தலை எண்ணுவது என் வழக்கம். ஓடுகிற வண்டியில் யாரும் குறைந்துவிட மாட்டார்கள் என்று வேலு அண்ணன் பல தடவை விளக்கிவிட்டார். அவருக்கென்ன, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

அந்த முப்பத்தொரு பேரில் முப்பது பேரைப் பற்றி எனக்குப் பொதுவான கவலைதான். பால்கவரைப் பற்றி மட்டும் தனிக் கவலை. ஏனென்றால் இந்தப் பூமியில் நன்றி சொன்னால் கோபித்துக்கொண்டு ரூட்டையே மாற்றிவிடுகிற மனிதர் அவர் ஒருவர்தான்.

எங்கள் மலைப்பாதையில் முதல் வளைவில் பேச்சு நிற்கும். இரண்டாவதில் பாட்டு நிற்கும். மூன்றாவதில் காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். சனிக்கிழமை டூரிஸ்ட் கூட்டமென்றால் கேட்கவே வேண்டாம். வண்டியைக் கழுவுவது கண்டக்டர் வேலை என்று ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு நான் நிஜமாக வருத்தப்பட்டது அந்த நாளில்தான்.

பிறகு ஒரு அதிசயம் நடந்தது. சனிக்கிழமைகளில் ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் ஒரு பால் கவர் செருகியிருந்தது. நன்றாகக் கழுவிக் காயவைத்து, வாயை மடித்து, நீல நூல் கோத்தது. வாந்தியை அதில் எடுத்துவிட்டு நூலை இழுத்தால் சுருக்குப்பை மாதிரி மூடிக்கொள்ளும். ஓனர் கொடுத்தனுப்பியது என்று நினைத்தேன். ஓனர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தும் நினைத்தேன் பாருங்கள். அதுமட்டுமில்லை. வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வண்டி முழுக்கக் கழுவித் துடைத்து பினாயில் வாசனை அடிக்கும்.

வேலு அண்ணன்தான் எனக்கு இரங்கிக் கழுவுகிறார் என்று முடிவு செய்து, வாராவாரம் அவருக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன். அவரோ நான் கழுவுகிறேன் என்று நினைத்து என் டீக்கும் பன்னுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். நான் வடையை மூன்றாக்கினால் அவர் பொங்கலுக்குப் போவார். பத்து வாரம் இருவரும் ஒருவர் பெருந்தன்மையை ஒருவர் மெச்சி, மாறி மாறி ஊட்டிக்கொண்டோம். எனக்குத் தொப்பை போட்டது அப்போதுதான்.

பதினோராவது வாரம் டீக்கடையில் உட்கார்ந்ததும் டிக்கெட் பையை வண்டியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. ஓடினேன். சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்றே அலறிவிட்டேன்.

"கத்தாத தம்பி. மரத்தூள் கண்ணுல வுழுது."

வெளியே வந்தவர் வாராவாரம் கடைசி சீட்டில் வருகிற மனிதர். கையில் துடைப்பம், பக்கத்தில் பினாயில் பாட்டில், வாந்தி மேல் தூவுகிற மரத்தூள். கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறாராம். மலையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. டிக்கெட் எடுத்து ஏறுவார், கழுவுவார், டிக்கெட் எடுத்து இறங்குவார்.

"ரொம்ப நன்றிண்ணே," என்றேன், நெஞ்சு நெகிழ்ந்து.

அவர் முகம் தொங்கிவிட்டது. "போச்சு. பத்து வாரமும் போச்சு."

"இன்னாண்ணே ஆச்சு?"

"ஆண்டவருக்குன்னு செஞ்சிக்கினு இருந்தேன். நீ நன்றின்னு சொல்லி கூலிய கையில குடுத்துட்ட. இனிமே அவரு எதுக்கு கணக்குல வெப்பாரு? மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"வாந்தி கழுவுறது எப்படிண்ணே ஊழியமாவும்?"

"சர்ச்சுல பாட கொரல் இல்ல தம்பி. பிரசங்கம் பண்ண படிப்பு இல்ல. என்னால ஆவறது இன்னான்னு ஆண்டவர்கிட்ட கேட்டுக்கினே இந்த வண்டியில வந்தேன். மூணாவது வளைவுல ஒருத்தன் என் சட்டை மேலயே எடுத்துட்டான். சரி, பதில் வந்துடுச்சின்னு புரிஞ்சிக்கினேன்."

கடைசியாக ஒரு எச்சரிக்கையும் விட்டார். "இன்னொரு வாட்டி நன்றின்னு காதுல வுழுந்தா வேற ரூட்டு பாத்துக்குவேன். சங்கராபுரம் லைன அப்பிடித்தான் வுட்டேன். அங்க கண்டக்டர் மாலையோட வந்துட்டான்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பெயர் கேட்டால் சொல்ல மாட்டார் என்பதால் வேலு அண்ணன் அவருக்குப் பால்கவர் என்று பெயர் வைத்தார். வண்டியில் யாராவது வாயைத் திறந்தாலே, நன்றி சொல்லப் போகிறார்களோ என்று விசிலை ஊதிவிடுவேன். விசில் கேட்டதும் காரணம் தெரியாமலே வேலு அண்ணன் நடு ரோட்டில் பிரேக் போடுவார்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கல்லூரிப் பையன்கள் ஏறும்போதே பிரியாணி சாப்பிட்டிருந்தார்கள். அஞ்சலை அக்காவின் கூடை வேறு தன் பங்கைச் செய்தது. மூன்றாவது வளைவில், அக்கா பக்கத்தில் இருந்த பையன் மஞ்சளாகிவிட்டான். அக்கா சட்டென்று எதிரே இருந்த கவரை உருவினார். அவன் வாயில் பிடிக்கப் போனவர், நூலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பையன் காத்திருக்கவில்லை. ஜன்னலைத் தேடிப் போனான்.

"இந்தக் கவரு யாரு தெச்சது?"

நான் கவரைப் பிடுங்கப் போனேன். "கம்பெனிது அக்கா."

"பொய் சொல்லாத. இந்த நூலு எனக்குத் தெரியும்."

அக்காவுக்கு ஊர் கருணாபுரம். அந்தக் கள்ளச்சாராயச் சாவுகளில் புருஷனைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகுதான் இந்தக் கூடை. "அவரு செத்த மாசம் என்னால எழுந்துக்கவே முடியல. வூட்டுல புள்ளைங்க ரெண்டும் சின்னது. தெனம் காத்தால கதவத் தொறந்தா வாசல்ல ரெண்டு கொடம் தண்ணி ரொம்பி இருக்கும். தூசி வுழாம கொடத்து வாயில பால் கவரு. இதே மடிப்பு, இதே நீல நூலு. யாருன்னு ஊரெல்லாம் கேட்டேன். சொல்லுடா, யாரு?"

என் கண் கடைசி சீட்டுக்குப் போய்விட்டது. அக்கா எழுந்துவிட்டார்.

"அக்கா, ஒக்காரு. நன்றின்னு சொன்னா அந்தாளு போயிடுவாரு. அப்புறம் வரவே மாட்டாரு."

"வழிய வுடுறா. கால்ல வுழணும்."

"வுழுந்தா சுத்தமா போயிடுவாரு அக்கா."

வண்டி வளைவில் சாய, அக்கா கம்பிக்குக் கம்பி தாவிக்கொண்டு போனார். பின்னாலேயே நான். முதல் தடவையாகத் தலை எண்ண மறந்தேன். அக்கா கடைசி சீட்டுக்கு முன்னால் போய் நின்றார். கையில் கவர், கண்ணில் குடம் குடமாகத் தண்ணீர். பால்கவர் நிமிர்ந்து பார்த்தார். கால்கள் இறங்கத் தயாராகிவிட்டன. அக்கா வாயைத் திறந்தார். நான் விசிலைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"யோவ். இது ஒரு கவரா?"

கவரை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"ஒரு ஆளு வாந்திக்கே பத்தல. நூலு வேற ஒத்த இழை, இழுத்தா அறுந்துக்குது. இதத் தெச்ச டெய்லரு யாருய்யா? வெக்கமா இல்ல?"

பால்கவருக்கு முகமெல்லாம் பல். யாருமே தன்னைக் குறை சொல்லாமல் எத்தனை வருஷம் ஏங்கியிருந்தாரோ. "மெய்தாம்மா. அடுத்த வாரம் ரெட்டை இழை போட்டுட்றேன். கண்ணு இன்னாம்மா கலங்குது?"

"கருவாட்டுல உப்பு ஜாஸ்தி. உனக்கு இன்னா? அடுத்த வாரம் வருவ இல்ல?"

"நூலு மாத்தணுமே. வராம?"

அக்கா அவர் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார். கரியாலூர் வருகிற வரைக்கும் மடிப்பு சரியில்லை, கவர் சிறிசு என்று திட்டிக்கொண்டே வந்தார். பையன்களும் விஷயம் தெரியாமல் சேர்ந்துகொண்டார்கள். "அண்ணே, பிரியாணிக்கு இது கம்மிண்ணே." அவர் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

அது முதல் எங்கள் வண்டியில் அதுவே பழக்கமாகிவிட்டது. மலைக்காரர்கள் ஏறியதும் அவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். "இன்னா பினாயிலு, மூக்கு எரியுது." "சீட்டு ரொம்ப வழுக்குது, இவ்ளோ தொடச்சா எப்பிடி?" ஒவ்வொரு குறைக்கும் அவர் அடுத்த வாரம் வந்தாக வேண்டும். வேலு அண்ணன் கண்ணாடியில் பார்த்து, கழுவினது போதவில்லை என்று உறுமுவார். இருவரும் இப்போது வடையை அவருக்கே வாங்குகிறோம். ஆறிப்போனது, வீணாகிவிடும் என்று அலுத்துக்கொண்டு கொடுத்தால்தான் வாங்குவார்.

போன சனிக்கிழமை அவர் வரவில்லை. யார் நன்றி சொல்லித் தொலைத்தார்கள் என்று ஏழு நாளும் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். வேலு அண்ணனைக்கூட விடவில்லை. இந்த வாரம் கிளம்புகிற நேரத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு மெதுவாக ஏறினார். காய்ச்சலாம்.

"ஏண்ணே, ஒரு வார்த்த சொல்லி அனுப்பத் தெரியாது? கடையில வந்து பாக்கலாம்னா வழி தெரியல. சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, ஒண்ணும் தெரியாம இங்க நான் இன்னா பண்றது? இனிமே உடம்பு சரியில்லாம போனா பாரு," என்று திட்டினேன். திட்டின கையோடு அவர் மப்ளரைக் காது மறைய இழுத்துவிட்டேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது திட்டு மாரி இல்லியே தம்பி."

திட்டுதான் என்று சத்தியம் செய்தேன்.