விழுப்புரத்துக் கூடத்தில் தொண்ணூற்றிரண்டு கட்டங்கள்

விழுப்புரம்,
12-6-1938

கிளியனூரில் இருந்துகொண்டே எங்கள் வீட்டில் உப்பு எவ்வளவு போட வேண்டும் என்பதுவரை அக்கறை காட்டும் மச்சான் சக்கரபாணி அவர்களுக்கு, விருத்தாசலம் நமஸ்காரம். நானும் உங்கள் தங்கை அம்சாவும் மகள் காந்திமதியும் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாயிருந்து, மல்லாட்டை விதைப்புக்கு மழையும் வேளையோடு வர வேண்டுகிறேன்.

நிற்க. தங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தட்டில் பழம் வெற்றிலையோடு நான் திண்டிவனம் போய் லட்சுமியம்மாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கூடத்துச் சுவரில் தொங்குகிற கட்டத்தை அடுப்பில் போட வேண்டும், காந்திமதியை மறுபடி பட்டணத்துக் காலேஜுக்கு அனுப்பக் கூடாது என்று மூன்று கட்டளை இட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: மாட்டேன். ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். என் பெயரை 'விருதாசலம்' என்று ரிஜிஸ்தரில் தப்பாக எழுதியதைக்கூட எதிர்த்துக் கேட்காமல் ரிடையரானவன் நான். நானே மாட்டேன் என்று எழுதுகிறேன் என்றால் நடந்ததை நீங்கள் முழுக்கக் கேட்க வேண்டும்.

முதலில் அந்தக் கட்டம் என்ன என்று சொல்கிறேன். காந்திமதி இன்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு வந்த கையோடு நாலு காகிதத்தை ஒட்டி அவளே வரைந்தது. பூலோகத்தில் உள்ள சகல வஸ்துக்களும் தொண்ணூற்றிரண்டு மூலப்பொருள்களால் ஆனவை என்றும், ஒவ்வொரு அணுவின் நடுவிலும் ஒரு கரு இருக்கிறது, கருவில் எத்தனை புரோட்டானோ வெளியே அத்தனை எலக்ட்ரான் என்றும், அந்த எண்ணிக்கைதான் கட்டத்தின் நம்பர் என்றும் எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். வெளி வட்டத்து எலக்ட்ரான் ஒரே மாதிரி இருந்தால் குணமும் ஒரே மாதிரி, அதனால் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பத்தியில் வரும். முன்காலத்தில் எடையைப் பார்த்து அடுக்கினார்களாம். ஆர்கான் என்கிற வாயு பொட்டாசியத்தைவிட எடை கூட, ஆனால் குணப்படி அதற்கு முன்னால் நிற்க வேண்டும். நம்பர் கண்டுபிடித்த பிறகுதான் அந்தத் தகராறு தீர்ந்ததாம். மூட்டையை எடையை வைத்து அடுக்கி எத்தனை தடவை திண்டாடியிருக்கிறேன்! எனக்கு அது சட்டென்று புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் நானே ஆணி அடித்து மாட்டினேன்.

அப்புறம்தான் நீங்கள் ஏற்பாடு செய்த பெண் பார்க்கும் வைபவம். மாப்பிள்ளை அப்பாதுரை கெமிஸ்ட்ரி பட்டதாரி, புதுச்சேரியில் கெமிஸ்டாக இருக்கிறார் என்று நீங்கள் எழுதியதை நம்பி, "உன் படிப்புக்கு ஏத்த இடம்மா" என்று சொல்லித்தான் காந்திமதியை உட்கார வைத்தேன். திண்டிவனத்திலிருந்து பையனும், அவர் தாயார் லட்சுமியம்மாளும், பெரியப்பா சின்னதுரையும் வந்தார்கள். சின்னதுரை ஜோசியத்தில் புலி என்பது உங்களுக்குத் தெரியும். புலி நேரே சுவருக்குப் போய்விட்டது.

"இது பொண்ணோட ஜாதகமா? இவ்ளோ கட்டம் போட்டு நான் பார்த்ததே இல்லியே. நடுவுல சிலது காலியா வேற இருக்குது. தோஷமுள்ள ஜாதகம்" என்றார்.

காந்திமதி பணிவாகத்தான் பேசினாள், மச்சான். "ஜாதகம் இல்லீங்க. காலியா இருக்கிறது இன்னும் கண்டுபிடிக்காத பொருளுங்க. எழுபது வருஷத்துக்கு முந்தி ஒரு ருஷ்ய வாத்தியாரு இப்படித்தான் எடம் விட்டு, இன்ன எடையில இன்ன குணத்தோட ஒண்ணு வரும்னு எழுதி வச்சாருங்க. பின்னாடி அப்படியே வந்துது."

"அப்போ அவரும் ஜோசியருதான்!"

"அவரு சொன்னது பலிச்சுதுங்களே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அம்சா அடக்கவில்லை.

லட்சுமியம்மாள், "இதுல தங்கம் எங்க இருக்குது?" என்று கேட்டாள். காந்திமதி எழுபத்தொன்பதாம் கட்டத்தைக் காட்டினாள். மேலே வெள்ளி, அதற்கு மேலே தாமிரம். "தாமிரத்தையும் தங்கத்தையும் ஒரே பந்தியில உட்கார வச்சிருக்காளே!" என்று அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கியது. உடனே சின்னதுரை, "எங்க பையன் படிச்ச படிப்பு இது, அவன் சொல்லட்டும்" என்று அப்பாதுரையை எழுப்பி நிறுத்தினார்.

பையன் கட்டத்தை வெகுநேரம் பார்த்தான். வேர்த்தது. பிறகு முகம் தெளிந்து என்னைப் பார்த்து, "மாமா ரயில்வே இல்லீங்களா, இது ஸ்டேஷன் பட்டியலு! என்.ஏ. நாகப்பட்டினம், சி.யு. கூடலூரு. இதோ டி.ஐ. திண்டிவனம், அதுக்குப் பக்கத்துலயே வி, விழுப்புரம். வரிசைகூட சரியா இருக்குதுங்க!" என்றான்.

உண்மையைச் சொன்னால், திண்டிவனமும் விழுப்புரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. காந்திமதி, "அது டைட்டானியம், இது வனேடியம்ங்க. நீங்க எந்தக் காலேஜுல படிச்சீங்க?" என்று கேட்டாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் எட்டாவதுங்க. மருந்துக் கடையில பொட்டலம் கட்டிக்கினு இருக்கேன். கடை போர்டுலதான் கெமிஸ்ட்டுன்னு போட்டிருக்குது" என்றான். ஒருவர் எழுதிய பொய்க்கு இந்தப் பையன் தலைகுனியும்படி ஆனதே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த ஒருவர் யார் என்று நான் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

லட்சுமியம்மாள் உடனே எழுந்து, "சபையில எம்புள்ள மானத்த வாங்கிட்டா. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டு, படிப்ப நிறுத்தினா மன்னிச்சிக் கட்டிக்கறோம்" என்றாள். பொய்க்கு உடந்தையாயிருந்தது அவர்கள், மன்னிப்பதும் அவர்களாம்! சின்னதுரை கிழிக்கக் கையை வைத்தே விட்டார். காந்திமதி என்னைப் பார்த்தாள். இந்த மனுஷன் வழக்கம்போல் பேசாமல் இருந்துவிடுவான் என்று அந்தக் கண்ணில் எழுதியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கைய எடுங்க" என்றேன்.

"என்னாது?"

"கைய எடுங்கன்னேன். அது எம்பொண்ணு போட்டது. ஜல்தியா வண்டிக்குக் கிளம்புங்க."

என் குரல்தானா என்று அம்சா திரும்பிப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு ஒரு செம்புத் தண்ணீர் முழுதும் குடித்தேன். காந்திமதி இன்னொரு செம்பு கொண்டுவந்து வைத்தாள்.

ஆகவே மச்சான், நான் திண்டிவனத்தில் கால் வைக்கப் போவதில்லை. கட்டம் சுவரில்தான் இருக்கும். இந்த மாதக் கடைசியில் காந்திமதி பட்டணத்துக்கு ரயில் ஏறுவாள், நானே ஏற்றிவிடுவேன். அந்த வீட்டு மனிதர் எவரும் இனி என் வாசற்படி மிதிக்கக் கூடாது. நீங்களும் அவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் நம் உறவு அன்றோடு சரி. உங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு என் வணக்கம் உண்டு, கீழ்ப்படிதல் கிடையாது.

இப்படிக்கு,
வி-ரு-த்-தா-ச-ல-ம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அப்பாதுரை தனியாக வந்து வாசலில் நின்றார். "தினமும் டிங்க்சர் அயோடின் ஊத்திக்கினு இருக்கேங்க, அது எந்தக் கட்டத்துல இருக்குதுன்னு அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன்" என்றார். காந்திமதி ஐம்பத்து மூன்றைக் காட்டினாள். கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, மெட்ரிகுலேஷன் எழுதினால் பாடம் சொல்லித் தருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றார். அம்சா மூன்றாவது தடவையாக அவருக்குச் சாதம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவருக்குப் பழைய புஸ்தகம் தேடித் தர அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் திண்டிவனம் போகிறேன். நாளை அவர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் கிளியனூர் வழியாகப் புதுச்சேரி போவதால் இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியதைப் பொருட்படுத்தாமல் பிள்ளைக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்பவும்.