சுக்கான்மேட்டுப் பள்ளியின் கல்விச் சுற்றுலா

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் சுக்கான்மேட்டு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜெகதீஸ்வரன், ஜூன் மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். வருடம் முடிவதற்குள் அவர்களை மோகனூருக்குக் கூட்டிப்போய்க் காவிரியைக் காட்டுவதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இறங்கிக் குளிக்கவும் விடுவதாகச் சொல்லிவிட்டார்.

சுக்கான்மேட்டில் காவிரி என்பது குழாயில் வருவது. போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் குடிப்பதற்கென்று ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக்குழாயில் கொஞ்ச நேரம் விடுவார்கள். எட்டாம் வகுப்புக் கிருத்திகா பிறந்ததிலிருந்து காவிரியைக் குடித்திருக்கிறாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

"கொழாய் இல்லாம சும்மாவே ஓடுமுங்களா சார்?" என்று கேட்டாள்.

"இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஓடும் சாமி."

"அப்ப ராத்திரி யாருங்க மூடுவாங்க?"

அவள் விவரம் தெரியாமல் கேட்டாளா, கிண்டலுக்குக் கேட்டாளா என்று ஜெகதீஸ்வரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படியானாலும் காட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தார். எட்டாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிகிறது. அப்புறம் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிடுவார்கள். இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். அதற்குள் பள்ளிக்கு நல்ல பெயர் வந்து கெட்டது.

கணக்கு டீச்சர் மயிலம்மாள் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில், தறிப்பட்டறையில் வீணாகும் கழிவு நூலைப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லி, கயிறு பின்ன வைப்பார். பின்னிய கயிற்றில் குதித்து விளையாடுவார்கள். சத்தம் ஊர் எல்லை வரை கேட்கும். அதற்குப் பெயர் எதுவும் கிடையாது. பெயர் இல்லாததால் யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மகிழ்ச்சிவழிக் கற்றல் ஒருங்கிணைப்பாளர் வளவன் வந்து சேர்ந்தார். இப்படி ஒரு பதவி இருப்பது அன்றுதான் சுக்கான்மேட்டுக்குத் தெரிந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் இரண்டு செல்போனுமாக நின்று, பிள்ளைகள் குதிப்பதைக் கவனமாகப் பார்த்தார்.

"இது என்ன செயல்பாடு?"

"கயிறு குதிக்கறாங்கங்க" என்றார் மயிலம்மாள்.

"அப்படிச் சொல்லக் கூடாது மேடம். இது கழிவுநூல்வழிக் கற்றல் செறிவூட்டல்."

மயிலம்மாள் கையிலிருந்த கயிற்றைப் பயபக்தியோடு கீழே வைத்தார். இத்தனை நாள் எவ்வளவு பெரிய காரியத்தை முன்னேற்பாடு இல்லாமல் செய்துவந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே சுக்கான்மேட்டுப் பள்ளி 'மாதிரிச் செறிவூட்டல் மையம்' ஆகிவிட்டது. சுற்றியுள்ள பள்ளிகள் எல்லாம் வந்து பார்த்துப் பயனடைய வேண்டும் என்று ஆணை வந்தது. வாரத்துக்கு இரண்டு பஸ் வந்தது. வருகிறவர்களுக்குக் கயிறு பாதி பின்னிய நிலையில் காட்டப்பட வேண்டும். முழுதாகப் பின்னிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு பஸ் போன பிறகும் பின்னியதைப் பிரித்து வைத்தார்கள். குதிப்பது தடை செய்யப்பட்டது. குதித்தால் பிள்ளை விழும், பிள்ளை விழுந்தால் மையம் விழும் என்று வளவன் விளக்கினார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, வந்தவர்களைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சிரித்தார்கள். சிரிப்புக்குத் தனியாக ஒத்திகை இருந்தது.

ஜெகதீஸ்வரனுக்கு இது பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். வந்தவர்கள் எல்லாம் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டில் பீரோ நிறைந்து, மிச்சத்தைக் கட்டிலுக்கு விரித்தார்கள். கண்ணாடி முன்னால் நிற்கும்போது தானும் ஒரு மாதிரித் தலைமையாசிரியர்தான் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

பொங்கல் முடிந்ததும் கிருத்திகா வந்து நின்றாள்.

"சார், எல்லாரும் நம்ம பள்ளியோடத்துக்கு டூர் வாராங்க. நாம எப்பங்க போறது?"

மனுஷனுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே கிளம்பி, அனுமதி கேட்டு வளவனின் அலுவலகத்துக்குப் போனார்.

"ஆறா? வேண்டாம்" என்றார் வளவன். "ஆற்றில் தண்ணீர் இருக்கிறது."

"தண்ணி வத்துன பொறகு கூட்டிட்டுப் போறனுங்க."

"தண்ணீர் இல்லாத ஆற்றில் என்ன கற்றல் விளைவு கிடைக்கும்?"

"அப்ப கொல்லிமலைங்க?"

"எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க முடியுமா?"

"நாமக்கல் கோட்டைங்க?"

"ஏறினால் இறங்க வேண்டியிருக்கும்."

"ஏதாச்சும் கோழிப்பண்ணைக்காவது போறமுங்க."

"பிள்ளைகளிடமிருந்து கோழிகளுக்குக் காய்ச்சல் தொற்றினால் யார் பொறுப்பு?"

ஜெகதீஸ்வரன் கைகளைப் பிசைந்தார். வளவனும் கல்லாலான ஆள் இல்லை. இந்த ஆண்டுச் சுற்றுலா நிதியை மார்ச் மாதத்துக்குள் செலவழிக்காவிட்டால் அவர் தலைக்கு வந்துவிடும். ஒரு செல்போனை வெகுநேரம் தடவிப் பார்த்து, முகம் மலர்ந்தார்.

"உங்கள் வட்டாரத்தில் பாதுகாப்பான தலம் என்று ஒன்றே ஒன்றுதான் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. இதுவரை எத்தனையோ பள்ளிகள் போயும் ஒரு பிள்ளைக்குக்கூடக் காலில் முள் குத்தவில்லை."

"எதுங்க அது?"

"சுக்கான்மேட்டு நடுநிலைப் பள்ளி."

"ஏனுங்க, அது எங்க பள்ளியோடமுங்களே!"

"விதியில் மாதிரி மையம் என்றுதான் இருக்கிறது. வேறு ஒரு பள்ளியின் மையம் என்று இல்லையே? நீங்கள் போகாவிட்டால் உங்கள் பள்ளியில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகும். அப்புறம் மாதிரி அந்தஸ்து நிலைக்குமா?"

ஜெகதீஸ்வரன் சால்வைகளை நினைத்துக்கொண்டார்.

"சரிங்க" என்றார்.

"ஒரே ஒரு நிபந்தனை. பயணத் தூரம் எழுபது கிலோமீட்டராவது இருக்க வேண்டும். குறைந்தால் சுற்றுலாக் கணக்கில் வராது. பஸ் போகும் பாதையை நான் போனில் பார்த்துக்கொண்டே இருப்பேன்."

இந்த நிபந்தனைதான் ஜெகதீஸ்வரனுக்கு உயிர் கொடுத்தது. தூரம் சுற்றத்தானே வேண்டும்? மோகனூர் வரை சுற்றிவிட்டால் என்ன? அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மாற்றுத் துணி ஒன்று பையில் வைத்துக்கொள்ளும்படி ரகசியமாகச் சொன்னார். அன்று எட்டாம் வகுப்பில் எழுந்த கூச்சல், கயிறு குதிப்பதை நிறுத்தியதற்கப்புறம் அந்தப் பள்ளியில் கேட்ட முதல் நிஜமான சத்தம்.

சுற்றுலா நாளன்று எட்டாம் வகுப்பு மட்டும் பஸ்ஸில் ஏறியது. ஆறும் ஏழும் அவர்களை வரவேற்பதற்காகப் பள்ளியிலேயே இருந்தார்கள். பஸ் ராசிபுரம் தாண்டி நாமக்கல் வந்தது. மோகனூர் சாலை பிரியும் இடத்தில் டிரைவர் ஷாஹுல் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார்.

"எந்தப் பக்கமுங்க சார் திருப்பட்டும்? மோகனூரு இன்னும் அரை மணி நேரந்தானுங்க."

பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கிருத்திகா மாற்றுத் துணிப் பையை மடியில் அணைத்தபடி முன்சீட்டில் இருந்தாள். ஜெகதீஸ்வரன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"பஸ் ஏன் நிற்கிறது?" என்றார் வளவன்.

"சும்மாங்க. திரும்பறதுக்குத்தானுங்க" என்று சொன்னது ஜெகதீஸ்வரனின் வாய். டிரைவரைப் பார்த்துக் கையும் வந்த வழியைக் காட்டிவிட்டது. ஷாஹுல் ஸ்டியரிங்கை ஒடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பாடவில்லை.

பள்ளி வாசலில் சந்தனம், கற்கண்டு எல்லாம் தயாராக இருந்தது. விருந்தினர் பள்ளியின் தலைமையாசிரியருக்கு மையத்தின் தலைமையாசிரியர் சால்வை போர்த்துவது மரபு. ஜெகதீஸ்வரன் பஸ்ஸிலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு ஓடிப்போய் வாசலில் நின்று, வருக வருக என்று சொல்லிவிட்டு, மறுபடி பஸ் பக்கம் வந்து நன்றி சொன்னார். பிறகு தன் கையாலேயே தனக்குச் சால்வை போர்த்திக்கொண்டார். வளவன் போட்டோ எடுத்தார். பிள்ளைகள் தங்கள் வகுப்பறையையே வரிசையில் நின்று சுற்றிப் பார்த்தார்கள். அவரவர் பெஞ்சை யாரும் தொடக் கூடாது என்று மயிலம்மாள் எச்சரித்தார்.

கடைசியில் பின்னூட்ட அமர்வு. விருந்தினர் சார்பில் யாராவது பேச வேண்டும் என்றார் வளவன். கிருத்திகா எழுந்தாள்.

"பள்ளியோடம் நல்லா இருக்குதுங்க. டீச்சருங்க எல்லாம் நல்லவங்க. ஆனா இங்க படிக்கற புள்ளைகளப் பாத்தா பாவமா இருக்குதுங்க. அவங்கள ஒரு நாளாச்சும் காவிரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஜெகதீஸ்வரன் புதுச் சால்வையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. வளவனுக்கோ பேனா வந்தது.

"அருமையான ஆலோசனை!" என்று எழுதிக்கொண்டார். "வெளியூர்ப் பார்வையாளர் ஒருவர் இவ்வளவு அக்கறையாகச் சொன்னதை நாம் புறக்கணிக்க முடியாது."

பார்வையாளர் கருத்து உடனே ஏற்கப்பட்டது. பத்தே நாளில் ஆணை வந்தது. பின்னாலேயே பெயிண்டர் வந்தார். பள்ளிச் சுற்றுச்சுவர் நெடுகக் காவிரி வரையப்பட்டது. கரையில் தென்னை, நடுவில் பரிசல், குளிக்கிற பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். நீர்நிலைகளுக்கான பாதுகாப்பு விதிப்படி, 'ஆழமான பகுதி, குளிக்கத் தடை' என்று ஒரு பலகையும் நட்டார்கள். கண்காணிக்கும் பொறுப்பும் ஒரு விசிலும் தலைமையாசிரியருக்கு வழங்கப்பட்டன. ஜெகதீஸ்வரன் முதல் இரண்டு நாள் விசிலைச் சட்டைப் பையில் மறைத்து வைத்தார். மூன்றாம் நாள் கழுத்தில் தொங்கவிட்டார்.

அங்கீகாரம் பெற்ற காவிரி மாவட்டத்திலேயே அது ஒன்றுதான். ஆகவே பள்ளி முடிகிற வாரம், அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பஸ் வந்தது. மோகனூரிலிருந்து.

பிள்ளைகள் இறங்கிச் சுவரைப் பார்த்தார்கள். "எங்க ஊட்டுக்குப் பின்னாடியே நெசமான ஆறு இருக்குதுங்களே" என்றான் ஒருவன்.

"அதற்கு ஒப்புதல் இல்லை தம்பி" என்றார் வளவன் அன்பாக.

கிருத்திகா மெதுவாக ஜெகதீஸ்வரன் பக்கத்தில் வந்தாள். அவள் தோளில் அந்த மாற்றுத் துணிப் பை இருந்தது.

"சார், இந்தப் பஸ்ஸு சாய்ந்தரம் மோகனூருக்குத்தானுங்களே திரும்பிப் போவும்? பின்னாடி சீட்டெல்லாம் சும்மாதானுங்க கெடக்குது. எங்களையும் ஏத்தி உடுங்க. பாத்துட்டு வந்தர்றமுங்க."

ஜெகதீஸ்வரன் பஸ்ஸைப் பார்த்தார். காலியான சீட்டுகளைப் பார்த்தார். இரண்டு போன்களோடு நிற்கும் வளவனைப் பார்த்தார். கிருத்திகாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சட்டென்று விசிலை வாயில் வைத்து ஊதினார்.

"யாரப்பா அது, தண்ணிக்குப் பக்கத்துல? தள்ளி வாங்க, ஆழம்!"

சுவரைத் தொடக் கையை நீட்டியிருந்த மோகனூர்ப் பையன், ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன், பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான். கிருத்திகாவும் நகர்ந்துகொண்டாள்.