இரவல் சங்கிலியும் இலவச அப்புக்காத்தும்

மற்றப் பெண்கள் அயலாளின் சேலையைப் பார்த்து வயிறெரிவார்கள். நான் அயலாளின் அப்புக்காத்தைப் பார்த்து வயிறெரிந்தேன். (அப்புக்காத்து என்றால் வக்கீல். இப்போது சட்டத்தரணி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆசைதீரப் பொறாமைப்பட முடியாது.) வேலிக்கு நட்ட கதியால்தடி ஒரு சாண் நகர்ந்தாலே வழக்கென்று கோட்டுக்குப் போகிற வட்டுக்கோட்டைப் பக்கத்தில், தனக்கென்று ஓர் அப்புக்காத்து இருப்பது கழுத்தில் நகை இருப்பது மாதிரி. எனக்கு அப்போது இரண்டுமே இல்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் புஷ்பம் என் கணவரின் ஒன்றுவிட்ட தங்கச்சி, எனக்கு மச்சாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணற்றில் பங்கு. கிணற்றுக்குப் போகிற பாதையும் தண்ணீர் வருகிற வாய்க்காலும் துரையர் வீட்டுக் காணி ஓரமாக வரும். ஒரு நாள் காலையில் துரையர் அதற்குக் குறுக்கே வேலி அடைத்துவிட்டார். கேட்டதற்கு, "என்ரை காணி, நான் அடைப்பன்" என்றார். நாங்கள் வெங்காயம் நட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. தூரத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அது காய்ந்தால் இரண்டு வீட்டிலும் அந்த வருசம் அடுப்பு எரிவது கஷ்டம்.

துரையரோடு வழக்காட எங்களுக்கு வசதி ஏது? என் கணவர் ஊரில் நாலு பெரியவர்களைப் பிடித்து நியாயம் பேசிப் பார்த்தார். அதற்குள் சங்கானைச் சந்தைக்கு மிளகாய் விற்கப் போன புஷ்பம் ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு வந்து, அடுத்த சனிக்கிழமையே யாழ்ப்பாண நகருக்குப் போய் அப்புக்காத்தையும் பார்த்துவிட்டாள்.

"மச்சாள், ரவுணிலை வசதியில்லாத ஆக்களுக்குச் சும்மா வழக்குப் பேசுகினம். சனிக்கிழமையிலை இருப்பினம். நல்ல தம்பி. வாற கிழமை நீரும் வாரும், ஒண்டாப் போவம்."

புத்தியுள்ளவள் அப்போதே சரி என்றிருப்பாள். என்னை அந்தத் 'தம்பி' சுட்டது. அப்புக்காத்தைக் கண்டால் சால்வையை இடுப்பில் கட்டுகிற ஊர் இது. இவள் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தம்பி என்கிறாள். அந்தக் கிழமை முழுக்கத் தம்பி புராணம்தான். தம்பி தேத்தண்ணி தந்தவர், தம்பி இருக்கக் கதிரை இழுத்துப் போட்டவர். (என் கல்யாணத்தில்கூட எனக்கு யாரும் கதிரை இழுத்துப் போடவில்லை.)

"நீர் போம். நான் என்ரை பாட்டிலை வாறன்" என்றேன்.

வெளிறின சேலையோடு போன புஷ்பத்துக்கே தேத்தண்ணி என்றால், கூறைச் சேலையோடு போகிற எனக்கு ஆகப் பெரிய அப்புக்காத்து கிடைப்பார் என்று கணக்குப் போட்டேன். கழுத்துத்தான் பிரச்சினை. என் தாலிக்கொடி அப்போது அடைவு கடையில் இருந்தது. ஊரில் பதக்கம் வைத்த தடித்த சங்கிலி இருந்தது தங்கம்மாக்காவிடம் மட்டும்தான். தங்கம்மாக்கா துரையரின் மனைவி.

(நீங்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்ளலாம். நான் அடித்துக்கொள்ளவில்லை.) ஆண்கள் வேலிக்காக வெட்டுக்குத்தென்று நின்றாலும் எங்கள் பக்கத்தில் பெண்களின் நகை இரவல் நிற்பதில்லை. அது வேறு, இது வேறு. பின்வாசலால் போய், "அக்கா, ரவுணிலை ஒரு கலியாணம். சங்கிலியை ஒருக்காத் தருவியளோ?" என்றேன்.

"அதுக்கென்ன பிள்ளை, வெறுங்கழுத்தோடை போறதே?" என்று தன் கையாலேயே போட்டு, பதக்கத்தையும் நேராக்கிவிட்டார்.

புஷ்பம் பஸ்ஸில் போவாள் என்பதற்காகவே நான் கடன் சொல்லி வாடகைக் கார் பிடித்தேன். "சும்மா வழக்குப் பேசுற இடத்துக்குக் காரிலையோ?" என்று கேட்ட கணவரை வாயை மூடச் சொல்லிவிட்டு ஏறினேன்.

அப்புக்காத்துமார் இருந்தது ஒரு வாடகை வீட்டின் முன்னறையில். வாங்கில் புஷ்பம், அதே வெளிறின சேலை. என் கழுத்தைப் பார்த்தாள். சங்கிலியை அவளுக்குத் தெரியாதா? வாங்கில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டாள். தம்பி என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். நான் புஷ்பத்தை ஒரு பார்வை பார்த்தேன்.

"எங்களுக்கு உதவி செய்ய வந்தனீங்களோ அம்மா?" என்றார் அவர்.

"இல்லை, உதவி எடுக்க."

கதிரை காட்டினார். இழுத்துப் போடவில்லை. தோட்டம் செய்கிறோம் என்றேன். "வருமானம் காணுமோ?" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டிய இடம். ஆனால் புஷ்பம் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாளே.

"கடவுள் புண்ணியத்திலை ஒரு குறையும் இல்லை."

"சந்தோசம். அப்ப நீங்கள் வெளியிலை ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கலாம். இது வசதி குறைஞ்ச ஆக்களுக்கு."

எழும்பினேன். வாடின வெங்காயம் கண்ணுக்குள் வந்தது. திரும்பவும் கதிரையில் இருந்தேன்.

"இது என்ரை சங்கிலி இல்லை. இரவல்."

"ஆரின்ரை?"

"துரையற்றை மனிசியின்ரை."

"துரையர் ஆர்?"

"வேலி அடைச்சவர்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். அடுத்த மேசைக்காரரும் வைத்தார். அப்போது புஷ்பம் எழும்பி வந்தாள்.

"தம்பி, இவ சொல்லுறதை எழுதாதேங்கோ, நான் சொல்லுறன். இவவின்ரை கூரை போன மாரியிலை பிரிஞ்சது, இன்னும் வேயேல்லை. தாலிக்கொடி அடைவிலை. பிள்ளையளுக்குப் பழஞ்சோத்தைக் குடுத்துப்போட்டு, தான் பச்சைத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சாப்பிட்டாச்சு எண்டு சொல்லுவா. வேலிக்குள்ளாலை எனக்கு எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரிந்தும் இத்தனை நாளும் ஒரு வார்த்தை அவள் வெளியில் விட்டதில்லை. எனக்கு நெஞ்சடைத்தது. நன்றியால் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதே நேரம் தம்பி அவளைப் பார்த்து, "நீங்கள் அப்புக்காத்தா வந்திருக்க வேணும் அம்மா" என்றார். அவ்வளவுதான், நெஞ்சடைப்பு விட்டுப் பழையபடி எரியத் தொடங்கியது.

"இவவுக்கென்ன தம்பி, ரெண்டு ஆடு நிக்குது. எனக்கு அதுகூட இல்லை" என்றேன். கூறைச் சேலையும் பதக்கச் சங்கிலியுமாகக் காரில் வந்து இறங்கி, இவளைவிட நான்தான் ஏழை என்று வாதாடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு, காணி துரையரின் பெயரிலா என்று கேட்டார். "இல்லை, தங்கம்மாக்காவின்ரை சீதனம்" என்றாள் புஷ்பம்.

"அப்ப வழக்கு அவவுக்கு மேலைதான். பழைய பாதை, வெல்லலாம். ஆனால் கோட்டிலை முடியுமட்டும் வெங்காயம் நிக்காது." என் கழுத்தைப் பார்த்தார். "இதைத் திருப்பிக் குடுக்கேக்கை பாதையையும் அவவிட்டைக் கேளுங்கோ. தராட்டி வாங்கோ, ரெண்டு பேருக்கும் நான் பேசுறன்."

புஷ்பத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவள் கேளாமல் முன் சீட்டில் ஏறிவிட்டாள்.

தங்கம்மாக்கா வாசலில் நின்றார். "கலியாணம் எப்பிடிப் பிள்ளை?" கல்யாணப் பொம்பிளையின் சேலை நிறம் வரைக்கும் நான் யோசித்து வைத்திருந்தேன். புஷ்பம் முந்திவிட்டாள்.

"கலியாணமில்லை அக்கா. வேலி விசயமா அப்புக்காத்திட்டைப் போனனாங்கள். வழக்கெண்டால் உங்களுக்கு மேலைதானாம்."

"என்ரை சங்கிலியைப் போட்டுக்கொண்டோ?"

"ஓம்" என்றேன். சேலைத் தலைப்பால் பதக்கத்தை மூடினேன்.

"அவர் அடைச்ச வேலிக்கு எனக்கு மேலை ஏன் வழக்கு?"

"காணி உங்கடை சீதனமாம் அக்கா. நீங்கள்தானாம் சொந்தக்காரி" என்றாள் புஷ்பம்.

தங்கம்மாக்கா சங்கிலியைக் கழற்றி வாங்கி, இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த துரையர் பக்கம் திரும்பினார். "இஞ்சருங்கோ, காணி என்ரையாம். அப்புக்காத்தே சொல்லிப்போட்டாராம். என்ரை காணியிலை நிக்கிற உங்கடை வேலியைக் கழட்டுங்கோ."

அடுத்த நாள் துரையர் கழற்றினார். தங்கம்மாக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். பின்னேரம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, வெங்காயம் தப்பியது.

அதன் பிறகு அந்தச் சங்கிலி எனக்கு இரவல் கிடைக்கவில்லை. புஷ்பத்தின் மகளின் கல்யாணத்துக்குக் கிடைத்தது. நகை போட்டுப் போனது நான், பட்டம் வாங்கி வந்தது அவள். ஊரில் அவளுக்கு 'அப்புக்காத்து' என்றே பெயராகிவிட்டது. இப்போது கனடாவிலிருந்து அவள் போன் எடுத்தாலும் என் கணவர், "உன்ரை அப்புக்காத்து கதைக்கிறா" என்று சொல்லித்தான் போனைத் தருவார். அவள் முதலில் கேட்பது சுகமல்ல.

"மச்சாள், இண்டைக்கு ஆரின்ரை சங்கிலி?"

"என்ரைதான். புதுசு" என்பேன்.

(கவரிங் என்பது போனில் தெரியாது.)