வால் மாஸ்டர் வரைந்த சிறுத்தைகள்

கண்டி டவுனில் ஆம்பிளை வீரத்துக்குக் குழி தோண்டி, மண்ணும் போட்டு மூடிய ஒரே ஆள் வால் மாஸ்டர்தான். அவர் தூரிகை எடுத்த நாளிலிருந்து எந்த ஆணும் எந்த மிருகத்தையும் ஜெயித்ததில்லை. பெண்தான் ஜெயிப்பாள். சிங்கத்தின் வாயைக் கிழிப்பாள், முதலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள், கரடியைக் காதைப் பிடித்து உட்கார வைப்பாள்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய தேயிலை ஸ்டோர். ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி இருட்டாக்கி, எங்கள் முதலாளி அதில் பயாஸ்கோப்பு நடத்தினார். பேசாத படம். வாசலில் தொங்கும் படச்சீலை வரைவது மாஸ்டர். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது நான். நடுவில் இங்கிலீசில் எழுத்து வரும். எனக்குத் தமிழ் எழுத்தே தலைகீழாகப் பிடித்தாலும் நேராகப் பிடித்தாலும் ஒன்றுதான். அதனால் வாயில் வந்ததைச் சொல்லுவேன். ஒரே படத்துக்கு மூன்று நாளில் மூன்று கதை சொன்னவன் நான். ஒருவரும் குறை சொன்னதில்லை. இரண்டு பேர் மூன்று நாளும் வந்தார்கள்.

மாஸ்டர் எந்த மிருகத்தையும் வாலிலிருந்துதான் தொடங்குவார். வால் சீலையில் பாதியைத் தின்றுவிடும். மீதியில் பெண் நிற்பாள்.

"என்ன மாஸ்டர், ராஜபார்ட்டக் காணோமே?" என்பார் முதலாளி.

"எடமில்ல மொதலாளி."

"வாலக் கொஞ்சம் வெட்டுங்களேன்."

"வால வெட்டுனா சிறுத்தைக்குக் கோவம் வராதா?"

ஏன் வாலில் தொடங்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கூச்சத்தோடு சொன்னார். சின்ன வயதில் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் இவர்கள் குடியிருந்த லயத்துக்குச் சிறுத்தை வந்ததாம். இவருடைய அக்கா கொழுந்துக் கூடையை அதன் தலையில் கவிழ்த்து, கூடையோடு அமுக்கி, விரட்டி அடித்தாளாம்.

"நீங்க எங்க மாஸ்டர் இருந்தீங்க?"

"கூரை மேல. அங்கேருந்து வாலு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு."

இப்படியிருக்க, ஒரு சிறுத்தைப் படம் வரப்போவதாகச் செய்தி வந்தது. படம் வருமுன் ஒரு சின்ன விளம்பரத் துண்டுதான் வந்தது: ஒரு வெள்ளைக்காரப் பெண், எதிரே ஒரு சிறுத்தை. மாஸ்டருக்கு அது போதும். நாலு நாளில் அந்தப் பெண் சிறுத்தையின் கழுத்தை நெரித்துக்கொண்டு வாசலில் தொங்கினாள். அதோடு நிற்காமல் மாஸ்டர் தோட்டத்துக்கு ஆள் அனுப்பி, "அக்கா, இது ஒன் கத. ஞாயித்துக்கெழம வந்து பாரு" என்று சொல்லியும் விட்டார்.

ஞாயிறு காலை கொழும்பு ரயிலில் படப்பெட்டி வந்தது. அறுந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க ஒப்பரேட்டர் கடைசி ரீலை ஓட்டினார். நானும் மாஸ்டரும் முதலாளியும் உட்கார்ந்து பார்த்தோம்.

சிறுத்தை மரத்திலிருந்து பாய்ந்தது. அந்தப் பெண் ஒரு கையை நீட்டினாள். அப்படியே மயங்கி விழுந்தாள். தோட்டத்துத் துரை ஒருவர் துப்பாக்கியோடு ஓடி வந்து சுட்டார். சிறுத்தை செத்தது. துரை அவளைத் தூக்கிக்கொண்டார். சுபம்.

மாஸ்டர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"சும்மா இரிங்க மாஸ்டர்," என்றார் முதலாளி. "வெளிய தொங்குறத ஆரு ஞாபகம் வெச்சிரிக்கப் போறாங்க?"

"எங்கக்கா வருது மொதலாளி. முப்பது வருசமா அது செஞ்சத ஒருத்தரும் நம்பல. நானும் கூரையில இருந்தேன்னு வெக்கப்பட்டுத் தோட்டத்துல வாயத் தொறக்கல. இன்னிக்கு லொறி நெறையா ஆளு கூட்டிட்டு வருது. அவங்க முன்னால அது மயங்கி விழணுமா?"

ஒப்பரேட்டர் அதற்குள் ரீலைக் கழற்றிச் சுற்றச் சோம்பல்பட்டு, மெஷினிலேயே கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். விளக்கை மூட மறந்துவிட்டார். திரையில் படம் பின்னோக்கி ஓடியது. மூன்று பேரும் வாய் பிளந்தோம்.

"ஒப்பரேட்டர் அண்ணே," என்றார் மாஸ்டர் மெதுவாக, "சாயங்காலமும் இப்பிடியே சுத்துவீங்களா?"

சாயங்காலம் ஸ்டோர் நிறைந்துவிட்டது. தோட்டத்துப் பெண்கள் முன்னால் தரையில் இருந்தார்கள். நடுவில் அக்கா, நரைத்த தலை, ஒல்லி உடம்பு. கடைசி ரீல் தொடங்கியது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று தொடங்கினேன்.

"பாருங்க! தொரை அம்மாவத் தூக்கிட்டு வாறாரு. கனம் தாங்கல, கீழ போட்டுட்டாரு! அடடா, செத்துக் கெடந்த சிறுத்த எந்திரிக்குதே! தொரை சுடுறாரு... துப்பாக்கி பழுது! பொகை உள்ளுக்கே போயிருச்சு! தொரை ஓடுறாரு, திரும்பக்கூட நேரமில்ல, பின்னாலயே ஓடுறாரு!"

துரை பின்பக்கமாக ஓடுவதைப் பார்த்த பெண்களின் சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அம்மா எந்திரிச்சாச்சு! கைய நீட்டுறா... ஒரே தள்ளு!"

சிறுத்தை அந்தரத்தில் பின்னோக்கிப் பறந்து போய் மரத்தில் ஏறிக்கொண்டது. விசில், கைதட்டு. ஒருத்தி அக்காவின் தோளை உலுக்கி, "நெசந்தானா பெரியம்மா? இப்பிடித்தான் தள்ளுனியா?" என்று கத்தினாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். நான் இருட்டில் மாஸ்டரைத் தேடினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா லொறியில் ஏறுமுன் மாஸ்டர் கேட்டார்: "எப்பிடிக்கா இருந்துச்சு?"

"நல்லாத்தான்டா இருந்துச்சு. அந்தச் சிறுத்ததான் பாவம். வயிறு ஒட்டிக் கெடந்துச்சு. அன்னிக்கு வந்ததும் அப்பிடித்தான். பசிக்காம அது ஏன்டா லயத்துக்கு வரப்போகுது?"

அதற்குப் பிறகும் எத்தனையோ சீலை வரைந்தார். பெண்கள் வழக்கம்போலக் கழுத்தை நெரித்தார்கள். ஆனால் நெரிபடுகிற ஒவ்வொரு மிருகத்துக்கும், சோறு உண்டு எழுந்ததுபோல, வயிறு மட்டும் வட்டமாக நிறைந்திருக்கும். மாஸ்டருக்குக் கை தளர்ந்துவிட்டது என்று டவுனில் பேசிக்கொண்டார்கள். நான் கதை சொல்லிப் பிழைத்தவன்தான். இந்த வயிற்றுக் கதையை மட்டும் அவர் இருந்தவரை யாருக்கும் சொல்லவில்லை.