தாய்மாமனுக்கு இரண்டு அழைப்பு

காலை ஆறு மணி பத்து நிமிடம். பனிக்குள்ளிருந்து முதலில் வெளிப்பட்டது ஒரு பித்தளைத் தாம்பாளம். அதற்குப் பின்னால் ஒரு குடை. குடைக்குக் கீழே, சற்றுத் தாமதமாக, ஆள்.

அவரைப்போல் அழைக்கத் தெரிந்த மனிதர் ஊவா மாகாணத்தில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊரில் அவருக்குப் பெயரே தாம்பாளம்தான். பெற்றோர் வைத்த பெயர் மாரிமுத்து என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பதுளையில் பத்திரிகை நிருபன். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில், அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தாம்பாளத்துக்கு அடுத்த அறை, எங்கள் பேச்சில் பக்கத்துக் காம்பரா. பகலில் அவருக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. மற்ற நேரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் லயம் லயமாகப் போய் அழைப்பது அவர்தான். வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தை நீட்டி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தொட்டில் பிள்ளையையும் விடமாட்டார். வயிற்றில் இருக்கும் பிள்ளையை "வரப்போற சின்ன தொரையும்" என்று சேர்த்துக்கொள்வார். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீடே வராது. அது தோட்டத்துச் சட்டம்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுச்சென்ற பழைய பிள்ளைக் காம்பரா காலியாகக் கிடந்தது. அங்கே ஜெபக்கூட்டம் தொடங்க பண்டாரவளையிலிருந்து ஓர் இளம் போதகர் வந்தார். சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்: "அனைவரும் வருக."

தாம்பாளம் அதைப் படித்துவிட்டு நேரே கூட்டத்துக்கே சண்டைக்குப் போனார்.

"செவுத்துல ஒட்டுனா யாருங்க வருவா? கூப்பிடுறீங்களா, இல்ல கரண்ட் இருக்காதுன்னு அறிவிக்கிறீங்களா?"

"மொதல்ல உக்காருங்க ஐயா," என்றார் போதகர்.

உட்கார்ந்தவரால் எழுந்து வர முடியவில்லை. அன்று பிரசங்கம் ஒரு விருந்தைப் பற்றியது. பெரிய மனிதர் ஒருவர் விருந்து வைத்து ஆளனுப்புகிறார். அழைக்கப்பட்டவர்கள் வயல், மாடு, கல்யாணம் என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்கிறார்கள். தாம்பாளத்துக்குப் பொறுக்கவில்லை.

"போன ஆள் சரியில்லீங்க. மொத நாள் ஒருக்கா, விடிஞ்சதும் ஒருக்கான்னு போயிருந்தா ஒருத்தனும் தப்பியிருக்க மாட்டான்."

"திரும்பவும் அனுப்புறாருங்க ஐயா. தெருவுல நிக்கிறவங்க, வேலி ஓரத்துல நிக்கிறவங்க எல்லாரையும் கூட்டியாரச் சொல்லி."

"அப்ப கூட்டியாரப் போனவனுக்கு யாராச்சும் எலை போட்டாங்களா?"

போதகர் வேதப் புத்தகத்தைத் திரும்பவும் புரட்டினார். கேள்வியின் காரணம் எங்களுக்குத் தெரியும். அழைக்கப் போகிறவரை யாரும் அழைப்பதில்லை. எப்படியும் அங்கேதானே இருப்பார். கடைசிப் பந்தியில், ரசம் தீர்ந்த பிறகு சாப்பிடுவார்.

மறுநாள் மாலை, கொட்டும் மழையில் போதகர் எங்கள் லயத்துக்கு வந்தார். கையில் இரவல் எவர்சில்வர் தட்டு, அதில் நனைந்த வெற்றிலை. ஆஸ்பத்திரியில் ஊசி கொண்டுவரும் தாதியைப்போல் அதைப் பிடித்திருந்தார்.

"மாரிமுத்து ஐயா, ஒங்களத்தான் கூப்பிட வந்தேன். இயேசு ஒங்கள பேர் சொல்லிக் கூப்பிடுறாரு. ஒங்களுக்கும் எலை போட்டாச்சு."

தாம்பாளம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கையாலயும் புடிங்க," என்று திருத்தினார். பிறகு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வெற்றிலையை எடுத்தால் வருகிறேன் என்று அர்த்தம்.

அன்றோடு தோட்டத்துக்கு நிம்மதி போனது. இரட்சிப்புக்கு ஆள் அழைக்க அவர் தாம்பாளத்தோடு கிளம்பினார். முதல் நாள் ஒரு தரம், விடிந்ததும் ஒரு தரம். சுவரெல்லாம் சிவந்துவிடும், வெற்றிலை மட்டும் வேண்டாமே என்று போதகர் கெஞ்சியதால் டொபி மிட்டாய் வைத்தார்.

"விசேஷம் எப்ப மாமா?"

"தேதி தெரியாது. ரெடியா இருக்கணும்."

"என்னா சீர் செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். எல்லாம் அவரே செஞ்சிட்டாரு. கைய வீசிக்கிட்டு வாங்க."

"சும்மா கூப்பிட்டா சந்தேகமால்ல இருக்கு!"

கோயில் தலைவரையும் விடவில்லை. அவர் டொபியை வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கு அம்மன் இருக்கா தம்பி. ஆனாலும் நீ வந்து கூப்பிட்டா மனசுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார். சிலர் உண்மையிலேயே வந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் பாய் போதவில்லை.

ஒரு வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. கீழ் லயத்து வீரையா, தாம்பாளத்தின் இறந்துபோன மனைவிக்கு அண்ணன். மகள் சரசு பெரிய மனுஷியானபோது தோட்டம் முழுவதையும் சடங்குக்கு அழைத்த தாம்பாளம், முதலில் அழைக்க வேண்டிய தாய்மாமனை விட்டுவிட்டார். நம்ம ஆள்தானே, சொல்லவா வேண்டும் என்ற நினைப்பு. வீரையா வரவில்லை. பேச்சு நின்றது. சரசுவின் கல்யாணத்திலும் மாமன் நிற்கவேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

குழாயடியில் மேல் லயத்துப் பாக்கியம் அக்கா எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்: "எல்லாருக்கும் எடம் இருக்குங்கிறீங்களே அண்ணே, கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவுக்கு மட்டும் பத்தலயோ?"

தாம்பாளம் வாளியை நிரப்பாமலே திரும்பினார். அவருடைய ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அதைத் தள்ளிவைக்கச் சொன்னார். "இப்ப முங்கி எந்திரிச்சா அது பொய்யிங்க. நான் கூப்பிடாத வீடு ஒண்ணு இருக்கு."

அந்த வீட்டுக்கு அவர் போன காலைதான் நான் சொன்ன ஆறு பத்து. பதுளை பஸ்ஸுக்குப் புறப்பட்டவன், பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனேன்.

கதவைத் திறந்த வீரையா தாம்பாளத்தைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

"யாரு வீட்டு விசேஷம்?"

"ரெண்டு அழைப்பு மச்சான். ஒண்ணு பழசு." தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "நம்ம புள்ள சரசு பெரிய மனுஷி ஆயிட்டா. தாய்மாமன் முன்னுக்கு நின்னு நடத்திக் குடுக்கணும்."

சரசுவுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள்.

உள்ளே வீரையாவின் மனைவி சிரித்துவிட்டார். வீரையா சிரிக்கவில்லை.

"சடங்கு எப்ப?"

"அது முடிஞ்சி போச்சி மச்சான். நாந்தான் கெடுத்தேன்."

"மத்தது?"

"மத்தது முடியல. இன்னும் தொறந்துதான் இருக்கு. எனக்கே எடம் குடுத்தவரு ஒனக்குக் குடுக்க மாட்டாரா? ஒன்ன விட்டுட்டு அங்க போய் ஒக்காந்தா எனக்குச் சோறு எறங்காது."

வீரையா தாம்பாளத்திலிருந்து ஒரு டொபியை எடுத்தார். பிறகு இன்னொன்றையும் எடுத்தார்.

"குளுருல நிக்காத. உள்ள வா, தேத்தண்ணி குடிக்க."

அடுத்த பௌர்ணமி போயா லீவுக்கு வீரையா கொஸ்லந்தைக்கு பஸ் ஏறினார். சரசு வாழ்க்கைப்பட்ட ஊர் அது. மடியில் சடங்கன்று கொடுக்காத தாய்மாமன் சீலை, நல்ல சிவப்பு.

ஞானஸ்நானம் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் நடந்தது. கால் வைக்க முடியாத குளிர். போதகர் கேட்கவேண்டியவற்றைக் கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் முடியுமுன்பே தாம்பாளம் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். ஓர் அழைப்பை அவ்வளவு ஆசையாக ஏற்ற இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

கரையேறியவரின் தலையை வீரையா துவட்டிவிட்டார்.