கராம்பு நானா கொண்டுவந்த குளிர்காலம்

மாத்தளைக்குக் குளிர்காலத்தைக் கொண்டுவந்தவர் கராம்பு நானாதான். அவருக்கு முன்னால் எங்கள் ஊரில் இரண்டே காலங்கள்: மழை பெய்யும் காலம், மழை எப்போது பெய்யும் என்று பேசிக்கொண்டிருக்கும் காலம். டிசம்பரில் விடியற்காலை மலைப்பக்கமிருந்து கொஞ்சம் பனி இறங்கும். தேநீர் ஆறுவதற்குள் அதுவும் போய்விடும். அந்தத் துளிப் பனியை நம்பி ஒரு மனிதர் ஒரு பல்கலைக்கழகத் துறை முழுவதற்கும் கம்பளிச் சட்டை மாட்டிவிட்டார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் மாட்டிக்கொண்டு வியர்த்தவன், ஆகவே நம்புகிறேன்.

பல்கலைக்கழகம் இருந்தது வேறு ஊரில். மிளகும் ஏலமும் சாதிக்காயும் எங்கள் பக்கம் விளைவதால், வாசனைப் பயிர்த் துறையை மட்டும் அலுவிகாரைக்கு அப்பால் ஒரு பழைய தோட்டத்து பங்களாவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்த நான் அங்கே இளநிலை விரிவுரையாளனாகச் சேர்ந்தபோது, கராம்பு நானா ஆய்வுகூடத்துக்கும் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்கும் பொறுப்பாளர். எந்நேரமும் கன்னத்தில் ஒரு கராம்பை அடக்கியிருப்பார். அது வலக் கன்னத்தில் இருந்தால் நல்ல மனநிலை. இடக் கன்னத்துக்கு மாறினால் கிட்டப் போகக் கூடாது. நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் சம்பளத் தாளில் இருந்திருக்கும், அதை யாரும் வாசித்ததில்லை. துறைத் தலைவரே ஒருமுறை உபவேந்தரிடம் தொலைபேசியில், "அதை எங்க கராம்பு நானாதான் பார்க்கிறார்" என்று சொல்லிவிட்டு, பிறகு வெகுநேரம் இருமினார்.

குளிர்காலம் வந்த கதை இதுதான். எங்கள் தலைவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போய்வந்து, படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினார். ஒரு படத்தில் அந்த ஊர்த் துறைக்காரர்கள் எல்லோரும் கம்பளிச் சட்டையோடு கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார்கள். குளிர்கால விருந்தாம். மற்றவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். நானா போகவில்லை. அவங்கள்ட துறைக்கு ஈக்கிற குளிர் நம்மள்ட துறைக்கு ஏன் இல்ல என்று கேட்டார். அந்த டிசம்பரிலேயே விருந்து தொடங்கிவிட்டது.

விருந்துக்குச் சட்டதிட்டம் உண்டு. கம்பளிச் சட்டை இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டார். இல்லாதவர்களுக்காகக் கண்டி நடைபாதையில் பழைய சட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருப்பார். எனக்கு வாய்த்ததில் நெஞ்சுக்கு நேரே ஒரு கலைமான் இருந்தது, அதற்கு ஒரு கண்தான். வாசல் சாதிக்காய் மரத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி பெய்யவைப்பார். அன்றைக்கென்று மழை வந்து பனியெல்லாம் ஊறித் தொங்கும். பங்களாவில் கணப்பு இல்லாததால், உலர்த்தும் கொட்டகையின் பெரிய அடுப்புத்தான் கணப்பு. அதை மூட்டி, சுற்றிவர நாற்காலி போட்டு, எங்களை உட்காரவைத்து, "குளிருக்கு என்னா சொகம் பாத்தீங்களா" என்பார். வியர்வை முழங்கையால் ஒழுகிக்கொண்டிருக்கும். ஆமாம் நானா என்போம்.

நத்தார் பாப்பாவும், அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவும், அவரேதான். துறையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், ஒருவருக்கும் அவர் அளவுக்கு வயிறு இல்லை. ஒரு வருடம் விருந்து வெள்ளிக்கிழமையில் விழுந்தது. ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று சிவப்பு அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியவர், இலவம்பஞ்சுத் தாடியை மறந்துவிட்டார். பள்ளிவாசல் படியில் கண் மங்கிய ஒரு ஹாஜியார் இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடைசியில் தாடி வைத்துவிட்டீர்களே என்று கண்கலங்கிப் போனாராம். பெரிய மனிதர் மனதை உடைக்கவும் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது என்று நானா அன்றிலிருந்து மெய்யாகவே தாடி வளர்த்தார். அது கடைசிவரை இருந்தது.

இதெல்லாம் வேடிக்கை. விருந்தின் உயிர் வேறிடத்தில் இருந்தது. சமையல் வேலையை நானாதான் பிரித்துக் கொடுப்பார், அதில் அவருக்கு ஒரு கணக்கு. துறைக்குள் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்களோ, அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே பலகாரத்தைப் பாதிப்பாதியாகக் கொடுத்துவிடுவார். ஆய்வுகூடத்தில் கிருமி பார்க்கும் ஒரே நுணுக்குக்காட்டிக்காகச் சண்டை போட்டு முகம் பார்க்காமலிருந்த மிளகு டாக்டருக்கும் சாதிக்காய் டாக்டருக்கும் ஒருமுறை வட்டிலப்பம் விழுந்தது. முட்டையும் தேங்காய்ப் பாலும் ஒருவர், கித்துல் கருப்பட்டி மற்றவர். சாதிக்காய் டாக்டர் அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டார். நானா வெறும் சட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வட்டிலப்பம் வேகாமல் சோற்றில் யாரும் கைவைக்க ஏலாது என்றுவிட்டார். பசி தாங்காமல் தலைவரே ஜீப்பை எடுத்துப் போய்க் காய்ச்சல்காரரைக் கருப்பட்டியோடு ஏற்றிவந்தார். பால் தண்ணீர் என்றார் இவர், கருப்பட்டி கலப்படம் என்றார் அவர். வட்டிலப்பம் வேகும்வரை இரண்டு பேரும் ஓயவில்லை. "சண்டை பிடிக்கட்டும் தம்பி. பேசிப் பிடிக்கட்டும்" என்றார் நானா என்னிடம். கராம்பு வலக் கன்னத்தில் இருந்தது.

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித்தேடிக் கொளுத்திய கலவரத்தில், மாத்தளை எரிந்தது. எங்கள் தட்டச்சாளர் ரீட்டா மிஸ்ஸின் வீடும் போயிற்று. ரீட்டா மிஸ் கத்தோலிக்கத் தமிழர். வயதான அம்மாவோடு டவுனில் இருந்தவர். அடுத்த ஒழுங்கையில் எங்கள் நூலகப் பொறுப்பாளர் சோமா மெடம் இருந்தார், சிங்களவர். பத்து வருடமாக இரண்டு பேரும் ஒரே மேசையில், ஒருவர் சோற்றுப் பார்சலை மற்றவர் தின்று வளர்ந்த சிநேகிதம். அன்றைக்கு ரீட்டா மிஸ் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடிப்போய்த் தட்டியது சோமா மெடத்தின் கதவை. கதவு திறக்கவில்லை.

அதன்பிறகு தாயும் மகளும் எங்கே இருந்தார்கள் என்பது கொஞ்சநாள் யாருக்கும் தெரியாது. நானா வீட்டுப் பின்னறையில் இருந்திருக்கிறார்கள். காகம் பறந்தாலும் கதை சொல்லும் மனிதர், இதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ரீட்டா மிஸ் வேலைக்குத் திரும்பினார். தட்டச்சு இயந்திரத்தைத் தவிர வேறெதுவும் அந்த அறையில் சத்தம் போடவில்லை. தை மாதம் அம்மாவோடு கப்பலேறித் திருச்சிக்குப் போய்விடப் போவதாகத் தலைவரிடம் சொல்லிவைத்திருந்தார். சோமா மெடம் நூலக அலுமாரிகளுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிட்டார். ஒருவர் வரும் நடையில் மற்றவர் போவதில்லை. நாங்களும் அப்படித்தான், அந்த ஜூலையைப் பற்றி எவரும் எவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் நேரத்தில் மிளகு விலையைப் பற்றி மட்டும் அவ்வளவு அக்கறையாகப் பேசினோம்.

இந்த வருடம் விருந்து வேண்டாம் என்றார் தலைவர். கராம்பு இடக் கன்னத்துக்குப் போனது. "குளிர் நம்மளக் கேட்டா வருது, சேர்?" என்றுவிட்டு நானா வெளியே வந்து வேலையைப் பிரித்தார். நத்தார் கேக்குக்குப் பூசணி தோசி வேண்டும். நீற்றுப்பூசணியைத் துண்டுபோடுவது ரீட்டா மிஸ், சீனிப்பாகு காய்ச்சி அதில் ஊறவைப்பது சோமா மெடம்.

இது அதிகப்படி என்று எனக்கே கோபம் வந்தது. நுணுக்குக்காட்டிச் சண்டையும் இதுவும் ஒன்றா? போய்ச் சொல்லவும் செய்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் புள்ள கப்பலேறிப் போகட்டும் தம்பி, நான் தடுக்க ஏலாது. ஆனா பேசாமப் போனா, ரெண்டு பேரும் மவுத்தாகி மண்ணுக்குள்ள போகும்வரைக்கும் அந்தக் கதவுலயே நிப்பாங்க" என்றார். பூசணி சுமக்கும் வேலையையும் என் தலையில் கட்டினார்.

இரண்டு பேரும் வேலையைச் செய்தார்கள், ஒரு சொல் பேசாமல். ஒருவர் வெட்டிய பூசணியை நான் நூலகத்துக்குத் தூக்கிப் போவேன். துண்டு பெரிதென்று அங்கே சிங்களத்தில் புகார் வரும். தமிழில் கொண்டுவந்து சொல்வேன். பாகு முதலில் பதத்துக்கு வரட்டும் என்று இங்கிருந்து பதில் போகும். ஐக்கிய நாடுகள் சபையில்கூட யாரும் இப்படி அலைந்திருக்கமாட்டார்கள்.

விருந்தன்று நல்ல மழை. எல்லோரும் கம்பளிக்குள் புகுந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி. ரீட்டா மிஸ் ஒரு கோடியில், சோமா மெடம் மறு கோடியில். நானா சிவப்பு அங்கியோடு வந்து, வழக்கத்தைவிட இரண்டு கட்டை கூடுதலாகச் செருகி அடுப்பை மூட்டினார்.

வாசனைப் பயிர்த் துறை என்றால் அடுப்பின் மேல் தட்டில் எப்போதும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். மூட்டுவதற்கு முன் தட்டைப் பார்க்க வேண்டும் என்பது முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். ஆராய்ச்சிக்காகத் தட்டு நிறையக் கொச்சிக்காய் மிளகாயைப் பரப்பிவைத்தவர் நானாவேதான். பஞ்சுப்பனி தூவும் மும்முரத்தில் அவர் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். தீ மேலே ஏறியது.

கொச்சிக்காய்ப் புகை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பளி போர்த்த ஒரு துறை முழுவதும் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும், நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, ஒரே கதவால் வெளியே பாய்ந்தது. தலைவர் சாதிக்காய் மரத்தில் முட்டி, ஊறிய பனியெல்லாம் தலையில் விழ நின்றார். மிளகு டாக்டர் சாதிக்காய் டாக்டரின் சட்டையில் மூக்கைத் துடைத்தார். கூரைத் தாழ்வாரத்தில் வரிசையாக நின்று எல்லோரும் கண்ணீர் விட்டோம்.

ரீட்டா மிஸ்ஸால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். சோமா மெடம் சமையல் மேசையிலிருந்த தேங்காய்ப் பால் கிண்ணத்தோடு ஓடிவந்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு ரீட்டா மிஸ்ஸின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, பாலை அள்ளிக் கண்ணைக் கழுவினார். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற நான் தமிழில் எழுதுகிறேன்.

"நான் உள்ளேதான் இருந்தேன், ரீட்டா."

"தெரியும். ஒன் மூச்சுச் சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு."

"புள்ளைங்க என் காலக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. பயந்துட்டேன்."

"எனக்கும் பயம்தான் சோமா. எனக்குத் தட்டுறதுக்கு வேற கதவு தெரியல."

இருமல் அடங்கிய பிறகும் இரண்டு பேர் அழுகையும் நிற்கவில்லை. கொஞ்சநேரத்தில் பார்த்தால், புகை கலைந்த பின்னும் எங்களில் பலருக்கு நிற்கவில்லை. ஜூலையிலிருந்து எல்லோருக்கும் இது பாக்கி இருந்திருக்கிறது.

நானா தண்ணீர் வாளியோடு நடுவில் நின்றார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது மனிதர் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வார்? தொண்டையைச் செருமிவிட்டு, அந்த மழையிலேயே அடுத்த வருட விருந்துக்கு வேலை பிரிக்கத் தொடங்கினார். வட்டிலப்பம் இன்னார், ஈச்சம்பழம் இன்னார். "தோசிப் பூசணி ரீட்டா மிஸ்."

"நான் அடுத்த வருஷம் இங்க இருக்க மாட்டேனே நானா."

"அது உங்கட விசயம். வேல உங்கட பேர்ல ஈக்கி."

சோமா மெடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாகு தன் பெயரில் இருக்கட்டும் என்றார். எவளோ வெட்டிய பூசணிக்குத் தன்னால் பாகு காய்ச்ச முடியாதென்றும் சொன்னார்.

ரீட்டா மிஸ் தை மாதம் கப்பலேறவில்லை. மாசியிலும் ஏறவில்லை. சோமா மெடத்தின் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து அம்மாவோடு இருந்தார். திருச்சி என்னவாயிற்று என்று யாராவது கேட்டால், தோசி வேலை என் தலையில் கிடக்கிறதே என்பார். அதற்குப் பின்னும் மோசமான வருடங்கள் வந்தன, ஊரடங்கு வந்தது, போனவர்கள் போனார்கள். ஓய்வு பெறும்வரை அவர் போகவில்லை.

கொச்சிக்காயோடு அடுப்பை வேண்டுமென்றே மூட்டினீர்களா என்று ஒருநாள் நானாவிடம் கேட்டேன். மனிதருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். தன் தொழிலையே சந்தேகப்பட்டுவிட்டேனாம். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் பாக்காமத்தான் பத்தவச்சேன் தம்பி. அல்லாஹ் பாத்துத்தான் பத்தவச்சிருப்பான்."

இப்போது நானா இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது. யாரோடாவது சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வரும் நாட்களில், எங்கள் இரண்டு பேருக்கும் பாதிப்பாதியாக ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்க அவர் இல்லையே என்றிருக்கிறது.